வாசலுக்கு வரும் வாயில்லா ஜீவன்

பிரிஞ்சாங் பட்டணத்தில் காலைப் பனி விலகுவதற்கு முன் கடைத்தெருப் பக்கம் நடந்து பாருங்கள். மூடிய கடையின் ஐந்தடியில், உடலைச் சுருட்டிக்கொண்டு ஒரு நாயாவது படுத்திருக்கும். அதன் கழுத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். சில நாய்களின் கழுத்தில் பழைய வாரின் தடம் தெரியும். அது தெருவில் பிறந்த நாய் அல்ல. யாரோ ஒருவர் பெயர் சொல்லி அழைத்து, சோறு வைத்து வளர்த்த நாய்!

அது எப்படித் தெருவுக்கு வந்தது? காய்கறித் தோட்டம் கைமாறும்போது, காவலுக்கு வைத்திருந்த நாய் அங்கேயே நின்றுவிடுகிறது. குடும்பம் ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ குடிபோகும்போது, "அடுக்குமாடி வீட்டில் இதற்கு ஏது இடம்?" என்று விட்டுப் போகிறார்கள். குட்டியாய் இருந்தபோது பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள். வளர்ந்து குரைக்கத் தொடங்கியதும் வீட்டுக்குப் பாரம்.

"எங்கேயாவது பிழைத்துக்கொள்ளும்" என்று நமக்கு நாமே ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். பிழைக்குமா? 2009ஆம் ஆண்டு கிள்ளானுக்கு அருகேயுள்ள கெத்தாம் தீவில் நாய்கள் பெருகிவிட்டன என்று, ஊரார் 300க்கும் மேற்பட்ட நாய்களைப் பிடித்து ஆளில்லாத சதுப்புத் தீவுகளில் கொண்டுபோய் விட்டார்கள். தின்ன எதுவும் இல்லை. பசி தாங்காமல் அவை ஒன்றையொன்று கடித்துத் தின்ற செய்தி நாட்டையே உலுக்கியது. படகில் போன ஆர்வலர்களால் சிலவற்றைத்தான் மீட்க முடிந்தது.

இரண்டு குட்டிகள் தொடங்கிய பணி

இதற்கு நேர்மாறான செய்தி ஒன்றும் உண்டு. 1959இல் சென்னையில் பெருமழை. விமானியான கேப்டன் வி. சுந்தரம், தெரு வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைத் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அந்தக் குடும்பம் அன்று தொடங்கிய பணிதான் இன்று உலகம் அறிந்த புளூ கிராஸ். 'நாய்களைக் கொல்லாதீர்கள், கருத்தடை செய்யுங்கள்' என்று 1964 முதல் அந்த அமைப்பு சொல்லி வந்தது. சென்னை மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது 1996இல்தான்! முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொறுமையோடு சொன்ன பிறகே காது கொடுத்தார்கள்.

நம் நாட்டிலும் சிலாங்கூர் எஸ்.பி.சி.ஏ. 1958 முதல் இயங்கி வருகிறது. சுபாங்கில் 'பாவ்ஸ்' 1987இல் தொடங்கியது. இத்தகைய காப்பகங்களில் எத்தனையோ நாய்கள் ஒரு வீட்டுக்காகக் காத்திருக்கின்றன. ஆனால் அங்கிருப்போருக்குப் பெரிய வேதனை எது தெரியுமா? அழைத்துப் போன நாயைச் சில நாளிலேயே திருப்பிக் கொண்டுவந்து விடுவதுதான். "சாப்பிடமாட்டேன் என்கிறது, மேசைக்கடியிலேயே கிடக்கிறது, வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கிறது" என்பார்கள். ஒருமுறை கைவிடப்பட்ட ஜீவன் இரண்டாம் முறையும் கைவிடப்படுகிறது.

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம்

காப்பக நாயை வளர்த்துப் பழகியவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் மூன்று நாள் அதற்குப் பயம் மட்டுமே. மூன்று வாரத்தில் வீட்டின் நேரங்காலம் புரிந்துவிடும். மூன்று மாதத்தில்தான் 'இது என் வீடு' என்ற நம்பிக்கை வரும். எல்லா நாய்க்கும் இது அச்சாகப் பொருந்தாது. ஆனாலும் முதல் வாரத்தை வைத்து ஒரு நாயை எடைபோடக் கூடாது என்பது உறுதி.

ஆகவே தாய்மார்களே, அழைத்து வந்த அன்றே குளிப்பாட்டாதீர்கள். அக்கம்பக்கத்தாரை வரவழைத்துக் காட்டாதீர்கள். ஒரே ஆள், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சோறு வையுங்கள். அது தின்னும்போது பிள்ளைகள் கிட்டே போகவேண்டாம். தானாக வந்து உங்கள் கையை முகரும்வரை காத்திருங்கள். அடித்துத் திருத்த நினைத்தால், மூன்று மாதத்தில் வரவேண்டிய நம்பிக்கை ஓர் ஆண்டு ஆனாலும் வராது.

நம் ஊர் 1,400 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. இரவில் சிமெண்டுத் தரை பனிக்கட்டிபோல் சில்லிடும். கீழ்நாட்டிலிருந்து வரும் நாய்க்குப் பலகை போட்டு, அதன் மேல் உலர்ந்த சாக்கை விரித்துக் கொடுங்கள்.

கவனிக்க வேண்டியவை

* பட்டணத்துக்குப் போகும்போது கால்நடை மருத்துவரிடம் காட்டித் தடுப்பூசி போடுங்கள், பூச்சிமருந்து கொடுங்கள்.

* கருத்தடை அவசியம். நாயின் கர்ப்பம் ஏறக்குறைய 63 நாள்தான். ஓர் ஆண்டில் இருமுறை ஈன்றால் குட்டிகளை யாரிடம் கொடுப்பீர்கள்?

* காய்கறித் தோட்டங்களில் தூவும் நத்தை மருந்து நாய்க்கு எமன். அதன் வாசனைக்கு நாய் ஈர்க்கப்பட்டுத் தின்றுவிடும். நடுக்கமும் எச்சில் ஒழுகுவதும் கண்டால் நொடியும் தாமதிக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

* வெங்காயம், பூண்டு, சாக்லேட், வேகவைத்த கோழி எலும்பு எதையும் கொடுக்காதீர்கள். குழம்புச் சோற்றில் வெங்காயம் இருப்பதை மறந்துவிடாதீர்கள்.

* உள்ளூர் மன்றத்தில் லைசென்ஸ் எடுத்துவிடுங்கள். வேலிக்குள் வையுங்கள். நாயைத் தொடுவதைத் தவிர்க்கும் முஸ்லிம் அண்டை வீட்டாருக்கும், நாய்க்குப் பயப்படும் பிள்ளைகளுக்கும் அது இடைஞ்சலாகக் கூடாது.

சட்டமும் இப்போது கடுமையாகிவிட்டது. 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டப்படி கொடுமை செய்பவருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். வளர்ப்பவர் தன் பிராணியின் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்பதும் அதில் கடமையாகவே சொல்லப்பட்டிருக்கிறது.

நாய் பத்து, பன்னிரண்டு ஆண்டு வாழும். அதற்குள் பிள்ளைகள் படிக்கப் போவார்கள், வேலை மாறும், வீடு மாறும். அப்போதும் இதை உடன் அழைத்துப் போவோமா என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். "இல்லை" என்று பதில் வந்தால் நாயைக் கொண்டுவராமல் இருப்பதே கருணை. முடிந்தபோது காப்பகத்துக்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்தாலும் அது தொண்டுதான்.

பின்தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்குள் போகமாட்டேன் என்று நின்றாராம் தருமபுத்திரர். நம்மிடம் யாரும் அவ்வளவு பெரிய தியாகத்தைக் கேட்கவில்லை. ஒரு சாக்கு, ஒரு தட்டு, மூன்று மாதப் பொறுமை. கொடுக்க முடியுமென்றால், வாசலைத் திறந்து வையுங்கள்.