நான்கு செடிகளும் ஒரு பூட்டும்: கனடாவில் வீட்டுக் கஞ்சா வளர்ப்புக்கு வேண்டியவை

2018 அக்டோபர் 17 அன்று கஞ்சாச் சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, கனடாவில் சட்டப்படி வயது நிரம்பியவர்கள் தம் சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டில் நான்கு கஞ்சாச் செடிகள் வரை வளர்த்துக்கொள்ளலாம். இந்த நான்கு என்பது ஆளுக்கு அன்று, வீட்டுக்கு விதிக்கப்பட்ட உச்சவரம்பு. ஒரே கூரையின் கீழ் ஐவர் வாழ்ந்தாலும் அது மாறுவதில்லை. இந்த அனுமதியைத் தொடர்ந்து விளக்கு, கூடாரம், விசிறி, வடிகட்டி, உரக்கரைசல் எனத் தொடக்கநிலையினரை நோக்கி ஒரு சந்தையே விரிந்திருக்கிறது. எனினும் அப்பொருள்களில் உண்மையிலேயே வேண்டியவை ஒவ்வொன்றும் செடியின் இயல்பு ஒன்றுக்கோ சட்டத்தின் நிபந்தனை ஒன்றுக்கோ விடையாக அமைந்தவை என்பதால், அவ்விரண்டையும் அறிந்தவருக்கே எதை வாங்குவது, எதைக் கடையிலேயே விட்டுவிடுவது என்பது தெளிவாகும்.

முதலில் சட்டத்தைப் பார்க்கலாம். கூட்டரசின் சட்டம் நான்கு செடிகளை அனுமதித்தாலும், மாகாணங்கள் அதைக் கடுமையாக்க முடியும். கியூபெக் மாகாணம் வீட்டு வளர்ப்பை முற்றிலும் தடை செய்ததும், அத்தடை செல்லும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தீர்ப்பளித்ததும் இதற்குச் சான்று. குறைந்தபட்ச வயதும் ஆல்பர்ட்டாவில் 18, ஒன்ராறியோவில் 19, கியூபெக்கில் 21 என வேறுபடுகிறது. வாடகை வீட்டிலும் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் உரிமையாளரோ நிர்வாகமோ வளர்ப்பைத் தடுக்கக்கூடும் என்பதால், வாடகை ஒப்பந்தத்தையும் குடியிருப்பு விதிகளையும் படித்துப் பார்ப்பது எந்தக் கருவியையும் வாங்குவதற்கு முந்திய வேலையாகிறது. பிற நாடுகளின் கணக்கு வேறு: 2024 ஏப்ரல் 1 முதல் ஜெர்மனி வயதுவந்தோர் ஒவ்வொருவருக்கும் மூன்று செடிகளை அனுமதிக்கிறது, 2013இல் சட்டம் இயற்றிய உருகுவே பதிவுசெய்துகொண்ட வீட்டுக்கு ஆறு செடிகளை அனுமதிக்கிறது.

பட்டியலில் முதலிடம் விதைக்கு. கஞ்சாவில் ஆண் செடியும் பெண் செடியும் தனித்தனியே வளர்கின்றன. போதை தரும் டெட்ராஹைட்ரோகன்னாபினால் என்னும் வேதிப்பொருளின் மூலச்சேர்மம் பெண் பூங்கொத்தைச் சூழ்ந்த, பிசின் சுரக்கும் நுண்மயிர்களில்தான் மிகுதியாகத் திரள்கிறது. இப்பொருளைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பை 1964இல் வெளியிட்டவர்கள் இஸ்ரேலிய அறிவியலாளர்கள் ரஃபேல் மெக்கூலமும் எகியேல் காவோனியும் ஆவர். அருகில் ஓர் ஆண் செடி பூத்து மகரந்தம் பரவிவிட்டால், பெண் செடி பிசினைக் குறைத்து விதை முற்றுவதில் தன் ஆற்றலைச் செலவிடுகிறது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் வங்காளத்துக் கஞ்சா வயல்களில் ஆண் செடிகளை இனங்கண்டு களைவதற்கென்றே கைதேர்ந்தவர்கள் அமர்த்தப்பட்டதற்கும் இதுவே காரணம். இன்று அந்த வேலையைப் பெரும்பாலும் இல்லாமல் செய்வது, பெண் செடிகளை மட்டுமே தரும்படி உருவாக்கப்பட்ட விதை. நான்கு செடிகளுக்கு மேல் வைக்கக் கூடாத இடத்தில், பாதி ஆணாகப் போய்விடும் சாதாரண விதை இழப்பையே தரும். விதையோ நாற்றோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமிருந்துதான் வாங்கப்பட வேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை.

இரண்டாவது தேவை ஒளி. அதற்கு இணையான தேவை இருள். கஞ்சா ஒரு குறுநாள் தாவரம், அதாவது இரவு நீளும்போது பூக்கும் வகை. பகல், இரவின் நீளம் பூப்பதைத் தீர்மானிக்கும் இவ்வியல்பைப் புகையிலை, சோயா ஆகியவற்றில் ஆராய்ந்து 1920இல் அமெரிக்கர்களான கார்னரும் ஆலார்டும் வெளியிட்டனர். வீட்டுக்குள் வளர்ப்போர் நாளொன்றுக்கு 18 மணி நேரம் ஒளி தந்து செடியை இலைப்பருவத்தில் வைத்திருந்து, பின்னர் ஒளியையும் இருளையும் தலா 12 மணி நேரமாக மாற்றிப் பூக்க வைக்கின்றனர். இருள் நேரத்தில் அறைக்கதவைத் திறந்து விளக்கைப் போடுவது செடியின் காலக்கணக்கைக் குலைத்துவிடும் என்பதால், குறித்த நேரத்தில் விளக்கை ஏற்றி அணைக்கும் டைமரும், வெளிச்சம் புகாத கூடாரமும் ஆடம்பரப் பொருள்கள் ஆகா. தோட்டத்தில் வளர்ப்பவருக்கு இவ்விரண்டும் வேண்டியதில்லை. கடைசி உறைபனி நீங்கிய பின் நட்ட செடி, ஆகஸ்டில் இரவு போதிய அளவு நீண்டதும் தானே பூக்கத் தலைப்படும். ஆயினும் இலையுதிர்காலக் குளிர் பூ முற்றுவதற்குள் வந்துவிடும் பகுதிகளில், நாளின் நீளத்தைப் பொருட்படுத்தாமல் வயதைக் கொண்டு பூக்கும் வகைகள் விரும்பப்படுகின்றன. இவ்வியல்பு ருடேராலிஸ் எனப்படும் குட்டையான கிளையினத்திலிருந்து கலப்பினத்தின் வழியே வந்தது.

விளக்கைத் தேர்ந்தெடுப்பதில்தான் பணம் வீணாவது அதிகம். முன்பு பயன்பட்ட உயரழுத்த சோடியம் விளக்குகள் மிகுந்த வெப்பத்தை உமிழ்ந்ததால் அதை வெளியேற்றத் தனி ஏற்பாடு தேவைப்பட்டது, இன்று எல்.இ.டி. விளக்குகள் அச்சிக்கலைப் பெரிதும் குறைத்துவிட்டன. ஆனால் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் “1000 வாட்டுக்கு நிகர்” போன்ற வாசகத்துக்கும், விளக்கு உண்மையில் இழுக்கும் மின்சாரத்துக்கும் பல வேளைகளில் தொடர்பிருப்பதில்லை. ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளி எவ்வளவு என்பதைக் காட்டும் மைக்ரோமோல் கணக்கே நம்பத்தக்க அளவுகோல். மின்பாதுகாப்பும் இதே இடத்தில் கவனிக்கப்பட வேண்டும்: கனடிய வீடுகளில் 120 வோல்ட், 15 ஆம்பியர் கொண்ட ஒரு மின்சுற்று 1800 வாட் தாங்கும் என்றாலும், மணிக்கணக்கில் ஓடும் கருவிகளுக்கு அதில் 80 விழுக்காடான 1440 வாட்டையே பாதுகாப்பான எல்லையாகக் கொள்ள வேண்டும். சி.எஸ்.ஏ. போன்ற அங்கீகரிக்கப்பட்ட முத்திரை இல்லாத மலிவு விளக்கை ஈரமான கூடாரத்துக்குள் தொங்கவிடுவது தீ விபத்துக்கு வழிவகுக்கும்.

வேர் ஊன்றும் ஊடகத்தைப் பொறுத்தவரை, கனடாவில் எளிதில் கிடைக்கும் பீட் எனும் சதுப்புநிலக் கரிமண் கலவையோடு, தேங்காய் நார்க்கழிவும் பெரும் பங்கு பெற்றிருக்கிறது. பொள்ளாச்சியில் கட்டிகளாக அழுத்தி ஏற்றுமதியாகும் நார்த்தூளும், ஈழத்தமிழர் தும்புத்தூள் என்று வழங்கும் இலங்கைச் சரக்கும் உலகெங்கும் பசுமைக்குடில்களைச் சென்றடைகின்றன. நீரைப் பிடித்துக்கொண்டே காற்றுக்கும் இடம் விடுவது இதன் சிறப்பு. இயற்கையிலேயே சோடியம், பொட்டாசியம் உப்புகளைக் கொண்டிருப்பது இதன் குறை என்பதால், கழுவிச் சுண்ணச்சத்து ஏற்றிய சரக்கையே வாங்க வேண்டும். அடியில் வடிதுளையுள்ள தொட்டி, நீரின் அமில காரநிலையைக் காட்டும் சோதனைக் கருவி, தழை, மணி, சாம்பல் சத்துகள் அடங்கிய உரம் ஆகியவை போதும். அமில காரநிலை மண்ணில் 6க்கும் 7க்கும் இடையிலும், நார்த்தூளில் அதைவிடச் சற்றுக் குறைவாகவும் இருந்தால்தான் வேர் சத்தை உறிஞ்சும். புதியவரின் செடி வாடுவதற்குச் சத்துக் குறைவைவிட அளவுமீறிய நீரும் உரமும் காரணமாவதே வழக்கம்.

காற்றோட்டத்துக்கு விசிறியும் ஈரப்பதமானியும் தேவைப்படுவது செடிக்காக மட்டும் அன்று. இலைகள் வெளிவிடும் நீராவி அடைபட்ட அறையில் தேங்கினால், பாட்ரைட்டிஸ் என்னும் சாம்பல் பூஞ்சை பூங்கொத்தை உள்ளிருந்தே அழுகச் செய்வதோடு, வீட்டுச் சுவரிலும் பூசணம் படிந்து குடியிருப்போரின் மூச்சைப் பாதிக்கும். பூக்கும் வாரங்களில் எழும் கடுமையான வாடை டெர்ப்பீன்களும் கந்தகச் சேர்மங்களும் கலந்தது. அக்காற்றைக் கிளர்வூட்டிய கரி நிரப்பிய வடிகட்டி வழியே செலுத்தும்போது, கரியின் எண்ணற்ற நுண்துளைகள் மணமூலக்கூறுகளைத் தம்மேல் பிடித்துவைத்துக்கொள்கின்றன. அண்டை வீட்டாரோடு பிணக்கு வராமல் காப்பது பெரும்பாலும் இந்தக் கருவியே.

விலையில் மிகச் சிறியதும் பொறுப்பில் மிகப் பெரியதுமான பொருள் பூட்டு. குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் செடியையோ உலர்த்திய பூவையோ நெருங்காதபடி, வளரும் அறைக்கும் சேமிக்கும் பெட்டிக்கும் பூட்டு இருப்பது இன்றியமையாதது. இந்தத் தடுப்பை ஜெர்மனியின் சட்டம் வெளிப்படையாகவே வலியுறுத்துகிறது. பொதுவெளியிலிருந்து செடி கண்ணில் படக் கூடாது என்று பிரிட்டிஷ் கொலம்பியா விதித்திருக்கிறது. வீட்டில் விளைந்ததை விற்பது குற்றம். பியூட்டேன் போன்ற கரிமக் கரைப்பான்களைக் கொண்டு பிசினைப் பிரித்தெடுப்பதும், வெடித்துத் தீப்பற்றும் அபாயம் உள்ளதால், கஞ்சாச் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. ஆகவே அத்தகைய கருவிகள் எந்தக் கடையில் காட்சிக்கு இருந்தாலும், தொடக்கநிலையினரின் பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை.

இந்த உரிமை முழுவதும் எல்லைக்கு உட்பட்டது. கனடாவில் சட்டப்படி விளைந்த கஞ்சாவை, எவ்வளவு சிறிய அளவாயினும், நாட்டுக்கு வெளியே எடுத்துச் செல்வது அந்நாட்டிலேயே குற்றம். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 20ஆவது பிரிவு, உரிமமின்றிக் கஞ்சாச் செடி வளர்ப்பவருக்குப் பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. தொட்டியில் நிற்பது ஒரே ஒரு செடிதான் என்பது அங்கே விலக்குக்குக் காரணமாகாது. டொரன்டோவில் தோட்டக்கலையாகக் கருதப்படும் ஒரு செயல் சென்னையில் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக இருக்கும்வரை, வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலுக்கு முன்பாக வாழும் இடத்தின் சட்டத்தைப் படிப்பதே இத்துறையில் முதல் பாடமாகும்.