கேமரா கடையில் விற்ற குரல் பெட்டி

1950களில் அமெரிக்காவில் ஸ்பூல் டேப் ரெக்கார்டர் வாங்க நினைத்தவர் ரேடியோ கடைக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. கேமரா விற்கிற கடையிலும் அது இருந்தது. சிகாகோவில் சாமுவேல் பிரிஸ்கின் நடத்திய ரிவியர் கேமரா கம்பெனி, 8 மி.மீ. சினிமா கேமராவிலும் புரொஜெக்டரிலும் பேர் வாங்கியது. பிறந்தநாளையும் கடற்கரைப் பயணத்தையும் ஊமைப்படமாக எடுத்து, சுவரில் போட்டுப் பார்க்கிற நடுத்தரக் குடும்பங்கள்தான் அதன் வாடிக்கை. படம் வாங்கியவர்கள் குரலையும் வாங்கமாட்டார்களா என்ன?

தொழில்முறையில் பார்த்தாலும் ரிவியர் டேப் ரெக்கார்டர் செய்ய இறங்கியது பெரிய தாவல் இல்லை. ஸ்பூல், மோட்டார், பல்சக்கரம், உலோக வார்ப்பு எல்லாம் கம்பெனிக்குக் கைவந்தவை. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு, அது சின்னதல்ல. சினிமா ஃபிலிம் ஒவ்வொரு கட்டமாக நின்று நின்று நகரவேண்டும். ஒலிநாடா நிற்காமல் ஒரே சீராக வழுக்கிப் போகவேண்டும். படத்தின் வேகம் கொஞ்சம் பிசகினால் கண் பொறுத்துக்கொள்ளும். நாடா பிசகினால் பாட்டின் சுருதியே ஆடிவிடும்.

லென்ஸும் ஷட்டரும் செய்துவந்த ரோசெஸ்டர் நகரத்து வோலன்சாக் கம்பெனியை ரிவியர் வாங்கியது. 1899-ல் தொடங்கிய வோலன்சாக், கோடாக்குக்கு ஊர்க்காரர். அந்த மரியாதைக்குரிய பெயரை டேப் ரெக்கார்டரின் நெற்றியில் ஒட்டினார்கள். அப்படி வந்த டி-1500, வால்வு போட்ட, கனமான உலோகப் பெட்டி. வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் அடி வாங்கி உழைத்தது.

வோலன்சாக் ரெக்கார்டருக்குப் பெரிய பெருமை வேறு இடத்தில் கிடைத்தது. இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக், சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தெருப் பிரசங்கி நோவாவின் வெள்ளத்தைப் பற்றி முழங்கியதைப் பதிவு செய்திருந்தார். 1965-ல் அதிலிருந்து ஒரே சொற்றொடரை இரண்டு வளையங்களாக ஒட்டி, இரண்டு வோலன்சாக் கருவிகளில் ஓடவிட்டார். இரண்டும் ஒன்றாக ஓடவேண்டும் என்பது எண்ணம். ஓடவில்லை. ஒன்று மெல்ல மெல்லப் பிந்தியது. குரல்கள் விலகி, எதிரொலித்து, பின்னிக்கொண்டன. அந்த விலகலையே ரைக் தன் இசையாக்கினார். சீரான வேகத்துக்காகக் காசு வாங்கிய கருவி, சீர் குலைந்ததால் இசை வரலாற்றில் ஏறியது. குறையே அழகாவது வோலன்சாக்குக்குப் புதிதும் அல்ல: அதன் பழைய வெரிட்டோ லென்ஸ், வேண்டுமென்றே கூர்மை குறைத்துச் செய்யப்பட்டது; உருவத்தைச் சுற்றிப் பனி படர்ந்ததுபோலப் படம் தரும்.

அதற்கு முன்பே, 1960-ல், ஸ்காட்ச் ஒலிநாடா விற்ற 3எம், ரிவியரையும் அதோடு வோலன்சாக்கையும் வாங்கிவிட்டது. கேமரா கம்பெனியின் தனி முயற்சி அதோடு முடிந்ததென்றே நான் சொல்வேன். நாடாப்பெட்டிகளைத் தானாக மாற்றிக்கொள்ளும் கருவி ஒன்றையும் ரிவியர் பெயரில் 3எம் இறக்கிப் பார்த்தது. 1963-ல் பிலிப்ஸின் கேசட் வந்தபின் அதைத் தேடுவாரில்லை.

இன்று டி-1500 சேகரிப்பாளர் கைக்கு வந்தால் முதல் வேலை கண்டென்சர் மாற்றுவது. பிறகு இறுகிப்போன ரப்பர் உருளைகள். உலோகப் பெட்டி மட்டும் அசையாமல் இருக்கும். கருவியை இப்படிப் பிழைக்கவைக்க முடிகிறது. அதில் பதிவான குரல்கள் பாடுதான் கஷ்டம். அந்தக் கால நாடாவில் பெரும்பகுதி அசிடேட். அதே அசிடேட்தான் வீட்டுச் சினிமா ஃபிலிமுக்கும். ரிவியர் கேமராவில் ஓடிய படமும் ரிவியர் பெட்டியில் ஓடிய குரலும் ஒரே நோயில் விழுகின்றன: வினிகர் வாடை, சுருக்கம், தொட்டால் முறிவு. அப்படிப்பட்ட நாடாவைப் பழைய பெட்டியில் மாட்டி இழுக்க ஆவணக் காப்பாளர்கள் துணிவதில்லை. நாடாவை மென்மையாகக் கையாளும் ஸ்டூடியோ இயந்திரத்தில் ஓட்டி, கணினிக்கு மாற்றுகிறார்கள். பழுது பார்த்த வோலன்சாக்கில் அதன் சொந்தக்காரர் புது நாடாவை மாட்டிக் கேட்டுக்கொள்கிறார்.