ஆந்தூரியம் வாடுதா? தண்ணீர் மக்கைக் கீழே வையுங்க!

"ஆசை ஆசையா வாங்கிட்டு வந்தேங்க. தினமும் காலையில எழுந்ததும் முதல் வேலையே அதுக்குத் தண்ணி ஊத்தறதுதான். அப்படியும் மூணே மாசத்துல இலையெல்லாம் மஞ்சளாகி, தண்டு கொழகொழன்னு ஆயிடுச்சு!"

ஆந்தூரியம் தொட்டியைக் கையோடு தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் இப்படிப் புலம்பினார் எதிர்வீட்டு அக்கா. தொட்டியைக் கவிழ்த்ததும் குப்பென்று சாக்கடை நாற்றம். வேர்கள் பழுப்பாகி, தொட்டால் தோல் மட்டும் கழன்று கையோடு வந்தது. 'அப்படியும்' என்று அக்கா சொன்ன இடத்தில் 'அதனால்தான்' என்று போட்டுக்கொள்ளுங்கள். விஷயம் விளங்கிவிடும்.

பளபளவென்று அரக்கு பூசினாற்போல் சிவந்திருக்கும் இந்த ஆந்தூரியத்தின் பூர்வீகம் தென் அமெரிக்காவில் உள்ள கொலம்பியா, ஈக்வடார் நாடுகளின் மழைக்காடுகள். அங்கே இது பெரும்பாலும் மரக்கிளைகளைப் பிடித்துக்கொண்டோ, இலைச்சருகு மக்கிய பொலபொலப்பான இடத்திலோ வளரும். மழை கொட்டும், உடனே வடிந்துவிடும். வேருக்குச் சதா காற்று கிடைக்கும். நாமோ அதைக் கொண்டுவந்து செம்மண்ணில் அமுக்கி நட்டு, தினமும் நீர் ஊற்றுகிறோம். மண் இறுகி வேர் மூச்சு முட்டிச் சாகிறது. செத்த வேர் தண்ணீரை உறிஞ்சாதே! அதனால் இலை வாடுகிறது. வாடுகிறதே என்று நாம் இன்னும் ஒரு மக் ஊற்றுகிறோம். பெரும்பாலான வீடுகளில் ஆந்தூரியம் போவது இப்படித்தான்.

மண்ணே வேண்டாமா?

வேண்டாம் என்றே சொல்வேன். தேங்காய் மட்டையைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறப்போடுங்கள். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். மட்டையில் உள்ள உப்பும் கறையும் இறங்கிவிடும். அதோடு அடுப்புக்கரித் துண்டு, உடைந்த செங்கல் சில்லு இரண்டையும் கலந்தால் போதும். தொட்டியில் துளை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் அழகழகாய் விற்கும் துளையில்லாப் பீங்கான் ஜாடி இதற்கு எமன்! பெரிய தொட்டியும் வேண்டாம். வேர் அடங்கும் அளவுக்கு மேல் இரண்டு விரற்கடை இடம் இருந்தால் சரி.

அக்காவின் செடியையும் இப்படித்தான் மாற்றினோம். அழுகிய வேரையெல்லாம் சுத்தமான கத்தியால் நறுக்கி எறிந்தோம். வெள்ளையாய், கெட்டியாய் இருந்த நாலைந்து வேர்தான் மிஞ்சியது. பத்து நாளைக்கு நிழலில் வைத்து, தண்ணீரைத் தெளித்ததோடு சரி. ஒன்றரை மாதத்தில் ஒரு புது இலை எட்டிப் பார்த்தது.

தண்ணீர் எப்போது ஊற்றுவது? நாள் கணக்கு வேண்டாம், விரல் கணக்கு போதும். ஆள்காட்டி விரலை ஒரு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் பேசாமல் போய்விடுங்கள். காய்ந்திருந்தால், அடியில் வடியும்வரை ஊற்றுங்கள். கோடையில் இரண்டு நாளுக்கு ஒருமுறை தேவைப்படலாம். ஐப்பசி அடைமழையில் வாரம் ஒருமுறைகூட அதிகம்.

இலை நுனி மட்டும் கருகினால் பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான் காரணம். நம் ஊர் போர்வெல் தண்ணீர் சங்கதி தெரியாதா! ஆர்.ஓ. மெஷின் கழித்துத் தள்ளும் தண்ணீரைச் சிக்கனம் கருதிச் செடிக்கு ஊற்றுகிறவர்கள் உண்டு. வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள், ஆந்தூரியத்துக்கு மட்டும் வேண்டாம். அதில் உப்பு இன்னும் அதிகம். மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றினால் செடி உங்களை வாழ்த்தும்.

இலை மட்டும் வருது, பூவைக் காணோமே!

முதலில் ஒரு சின்ன ரகசியம். நாம் பூ என்று நினைக்கிற அந்தச் சிவப்பு இதயம் பூவே அல்ல, வாழைப்பூ மடல் மாதிரி ஒரு மடல். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியில் பொடிப்பொடியாக ஒட்டியிருப்பவைதான் நிஜப் பூக்கள். மடல் என்பதால்தான் செடியில் வாரக்கணக்கில் வாடாமல் நிற்கிறது. வயதானதும் பச்சை தட்டும். அது நோய் அல்ல.

பூக்காததற்கு முக்கியக் காரணம் வெளிச்சக் குறைவு. 'நிழல் செடி' என்று கடைக்காரர் சொன்னதை நம்பி ஹாலின் இருட்டு மூலையில் வைத்துவிடுகிறோம். வெயில் நேரே படக் கூடாது, படிக்கிற அளவு வெளிச்சம் நாள் முழுக்க வேண்டும். கிழக்குப் பார்த்த ஜன்னலோரம் உத்தமம். மொட்டை மாடி வெயிலில் வைத்தால் இலை வெளுத்து, தீய்ந்துபோகும். உரம், நீரில் கரையும் வகையில், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கால் பங்கு, மாதம் ஒருமுறை போதும். பச்சைச் சாணம், புண்ணாக்குக் கரைசல் எல்லாம் ரோஜாவோடு நிற்கட்டும்.

இலைக் காம்பின் இடுக்கில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுங்கள், வாரம் ஒருமுறையாக மூன்று வாரம்.

பயப்பட வேண்டியது வேறொன்று. இலை ஓரத்தில் தண்ணீர் ஊறினாற்போல் புள்ளி, பிறகு அது பழுப்பாகிச் சுற்றிலும் மஞ்சள் வளையம் என்றால் பாக்டீரியா கருகல் நோயாக இருக்கலாம். 1980-களில் ஹவாய் தீவுகளில் பல சிறு ஆந்தூரியத் தோட்டங்களை இழுத்து மூட வைத்த நோய் இது. தண்ணீர்த் தெறிப்பிலும் வெட்டும் கத்தியிலும் தொற்றும். மருந்தடித்துக் காப்பாற்றுவது கஷ்டம். மனசைக் கல்லாக்கிக்கொண்டு தொட்டியோடு அப்புறப்படுத்துங்கள். அந்தக் கத்தியை ஸ்பிரிட்டால் துடைக்காமல் அடுத்த செடியில் வைக்காதீர்கள்.

வீட்டில் குழந்தை இருக்கிறதா?

இதைக் கட்டாயம் படியுங்கள். ஆந்தூரியம், நம் சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்குக்கு ஒன்றுவிட்ட உறவு. கருணையைச் சரியாக வேகவைக்காமல் சாப்பிட்டால் நாக்கும் தொண்டையும் அரிக்குமே, ஏன்? ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட் துகள்கள் குத்துவதால்தான். அதே ஊசிகள் ஆந்தூரியத்தின் இலை, தண்டு, பூ எல்லாவற்றிலும் உண்டு. தவழும் குழந்தை இலையைக் கடித்தால் வாய் எரியும், உதடு வீங்கும், எச்சில் ஒழுகும், வீறிட்டு அழும்.

பதறாமல், வாயில் இருப்பதை விரலால் வழித்தெடுத்து, ஈரத்துணியால் துடைத்து, குளிர்ந்த தண்ணீரோ பாலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மறுபடி தொண்டையைக் குத்தும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் விழுங்கச் சிரமப்பட்டாலோ, குரல் கம்மினாலோ, மூச்சுத் திணறினாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சாறு கண்ணில் பட்டால் கால் மணி நேரம் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். நாய், பூனைக்கும் இந்தச் செடி ஆகாது. இலை வெட்டிய பிறகு நீங்களும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு இன்னொரு வில்லன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தட்டுத் தண்ணீரே தாராளம். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள்.

"ஆந்தூரியம் வச்சா வீட்டுக் காத்து சுத்தமாகுமாமே?" என்று அக்கா கேட்டார். 1989-ல் அமெரிக்காவின் நாசா, மூடிய பெட்டிக்குள் சில செடிகளை வைத்துச் சோதித்ததிலிருந்து கிளம்பிய பேச்சு இது. நம் வீடு மூடிய பெட்டி இல்லையே! இத்தகைய ஆய்வுகளை அலசி 2019-ல் வெளியான ஒரு கட்டுரை, கதவு ஜன்னல் வழியே இயல்பாக நடக்கும் காற்றோட்டத்துக்குச் சமமாகச் செடிகள் வேலை செய்ய, ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடிகள் வேண்டும் என்று கணக்குச் சொன்னது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு நூறுக்கு மேல் தொட்டி! ஜன்னலைத் திறந்துவிடுவது சுலபம்.

அக்கா வீட்டில் இப்போது அந்தத் தொட்டி, பேத்திக்கு எட்டாத உயரத்தில், கிழக்கு ஜன்னல் பக்கத்து ஸ்டாண்டில் இருக்கிறது. தண்ணீர் மக் பாத்ரூமுக்கே திரும்பிவிட்டது.