எந்த ஆயில் ஊற்றுவது?

ஏர் முதல் எஞ்சின் வரை - 11

சொர்ணவாரிக்குச் சேடை ஓட்டும் நாட்களில் உத்திரமேரூர்ப் பக்கம் டீக்கடையில் இரண்டு டிராக்டர்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்தால், பேச்சு மணி வாடகையில் தொடங்கி, டீசல் விலைக்குப் போய், கடைசியில் ஆயிலில் வந்து நிற்கும். "நம்ம வண்டிக்கு சர்வோதாண்ணே செட் ஆவுது" என்பார் ஒருவர். "ஷோரூம் ஆயிலைத் தவிர வேற எதையும் தொடாதே" என்பார் இன்னொருவர். சண்டையெல்லாம் கேனின் முன்பக்கத்தைப் பற்றி. பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைத் திருப்பிப் பார்ப்பவர் குறைவு. ஏரி வாரியத்துக்கு யாரை எடுப்பது, யாரைத் தள்ளுவது என்று பராந்தகச் சோழன் காலத்திலேயே சுவரில் வெட்டி வைத்துப் படித்த ஊர் இது!

அந்தப் பொடி எழுத்தில் இரண்டு சங்கதிகள் இருக்கும். முதலாவது 15டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-40 என்ற எண். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். 15 என்ற வகையை மைனஸ் 20 டிகிரி குளிரிலும், 20 என்ற வகையை மைனஸ் 15 டிகிரியிலும் வைத்து, எஞ்சினைச் சுழல விடுகிறதா என்று சோதிக்கிறார்கள். நம் மார்கழிப் பனி பூஜ்ஜியத்தின் பக்கம்கூடப் போவதில்லை. ஆகவே 15ஆ, 20ஆ என்று கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்பது வெட்டி வேலை. பின்னால் வரும் 40தான் நமக்கு முக்கியம். எஞ்சின் சூடேறி ஆயில் 100 டிகிரியைத் தொடும்போது அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்வது அந்த எண்.

கெட்டி என்றதும் ஒரு நம்பிக்கையைச் சொல்ல வேண்டும். பழைய வண்டி சத்தம் போட்டால், நீலப் புகை விட்டால், இன்னும் கெட்டியான ஆயிலை ஊற்றி அடக்குவது இங்கே வழக்கம். சத்தம் கொஞ்ச நாள் அடங்கும், உண்மைதான். ஆனால் ரிங் தேய்ந்த வண்டியில் ரிங் தேய்ந்தபடியேதான் இருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கெட்டி ஆயில் மேலே ஏறிச் சேர நேரமாகும்; அதுவரை மேல்பாகங்கள் போதிய ஆயில் இல்லாமல் உரசும். இது வைத்தியமே இல்லை.

இரண்டாவது சங்கதி ஏபிஐ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தரம். சி என்று தொடங்கினால் டீசல் எஞ்சினுக்கு. எஸ் என்று தொடங்கினால் பெட்ரோலுக்கு. பைக்குக்கு வாங்கிய 20டபிள்யூ-40 மீந்திருக்கிறதே, நம்பர் ஒன்றுதானே என்று டிராக்டரில் ஊற்றுகிறவர்கள் இடறி விழுவது இங்கேதான். டீசல் தரத்திலும் படிகள் உண்டு: சிஎஃப்-4 வந்தது 1990இல், சிஎச்-4 1998இல், சிஐ-4 2002இல், சிகே-4 2016இல். அடிப்படை எண்ணெய் மணலி ஆலையிலிருந்து வந்தாலும் வேறெங்கிருந்து வந்தாலும், படிக்குப் படி பெரிதும் மாறுவது அதில் சேர்க்கும் ரசாயனங்கள்தான். கரியைப் பிடித்து வைப்பது, அமிலத்தை முறிப்பது எல்லாம் அவற்றின் வேலை. செம்பியத்துச் சிம்ப்சன் எஞ்சின் பூட்டிய பழைய மாஸி டிராக்டரின் புத்தகத்தில் பழைய தரம் போட்டிருந்தால், பொதுவாக அதற்கு மேல்படியை ஊற்றலாம். கீழே இறங்கக் கூடாது. 2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகை விதி வந்துவிட்டது. அவற்றில் புகை வடிகட்டி உள்ள வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் வேண்டும். அங்கே புத்தகத்தில் போட்டதை மீறாதீர்கள்.

நிறத்தைப் பார்த்து ஏமாறுவதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். புது ஆயில் ஊற்றி ஒரு வயல் ஓட்டி முடிப்பதற்குள் ஆயில் அளவுக் குச்சியில் கறுப்பாக வரும். "டூப்ளிகேட் ஆயிலைக் குடுத்துட்டான்" என்று கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். டீசல் எஞ்சினில் கரி உண்டாகும். அதை அடியில் படியவிடாமல் தன்னோடு சுமப்பது நல்ல ஆயிலின் குணம். கறுப்பதற்குப் பயப்படாதீர்கள். பயப்பட வேண்டியவை வேறு. குச்சியில் ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் இறங்குகிறது. அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போனால் இன்னும் மோசம். "ஆயிலே குடிக்கல மெக்கானிக், கூடத்தான் இருக்கு" என்று வண்டிக்காரர் பெருமையாகச் சொல்வார். விவரமான மெக்கானிக் குச்சியை மூக்கருகே கொண்டுபோய், இரு விரலில் தேய்த்துப் பார்த்து, "டீசல் வாடை அடிக்குதுங்கண்ணா, இனிமே ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்பார். பம்ப் வழியாக டீசல் கசிந்து ஆயிலைத் தண்ணீராக்கியிருக்கும். இதையெல்லாம் சமதரையில் நிறுத்திப் பார்க்க வேண்டும். வரப்போரம் சாய்ந்து நிற்கும் வண்டியில் குச்சி பொய் சொல்லும்.

மாற்றும் கணக்குக்கு மாதம் உதவாது, மணிதான் உதவும். பல வண்டிகளுக்குப் புத்தகம் 250 மணி என்கிறது. வாடகைக்கு நாளைக்கு 10 மணி நேரம் ரோட்டாவேட்டர் போடுகிறவருக்கு அது 25 நாளில் முடிந்துவிடும். சொந்த நிலம் மூன்று ஏக்கர் மட்டும் ஓட்டுகிறவருக்கு வருடமானாலும் முடியாது. அவர் மணி பார்க்காமல் வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. இரண்டு பேருமே ஆயிலோடு ஃபில்டரையும் மாற்ற வேண்டும்.

கோடை உழவில் மண் புகை போலக் கிளம்பும். பழைய வண்டிகளின் ஏர் கிளீனர் கிண்ணத்திலும் ஆயில் உண்டு. அதை மறந்துவிட்டு உள்ளே எவ்வளவு விலை கூடிய ஆயில் ஊற்றினாலும், புழுதி போய் லைனரைத் தின்றுவிடும்.

சீல் உடையாத கேனை மட்டும் வாங்குங்கள், பில்லோடு. ஆயில் மாற்றிய அன்று மீட்டரில் உள்ள மணியை மட்கார்டின் உள்பக்கம் பெயின்டில் எழுதி வையுங்கள். வடித்த பழைய ஆயிலை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள். கியர் பெட்டிக்கும் எண்ணெயில் மூழ்கிய பிரேக்குக்கும் ஊற்றுவது வேறு ஆயில். அது அடுத்த வாரம்.

(தொடரும்)