"ஸார், நீங்கதானே ஓனர்?"

இட்லி மாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இட்லிதான். அரிசி எத்தனை பங்கு, உளுந்து எத்தனை பங்கு என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பேன். அப்பேர்ப்பட்ட அடியேனைப் பார்த்து ஒரு பேங்க் மானேஜர் கேட்டார்: "ஸார், ஒரு நாளைக்கு எத்தனை கிலோ மாவு ஓடுது?"

பக்கத்து நாற்காலியில் அக்கா. மதுரையில் ஆறு வருஷமாக மாவு வியாபாரம் செய்வது அவள். நான் ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போனவன். என் பங்கு அவ்வளவுதான்!

"நூத்திருபது கிலோ ஸார்" என்றாள் அக்கா.

மானேஜர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

அரை மணி நேரம் இதே கூத்து. கேள்வி எனக்கு, பதில் அக்காவிடமிருந்து, "தேங்க்ஸ்" மறுபடியும் எனக்கு!

அக்கா கேட்டது நாலு லட்சம். பெரிய டில்டிங் கிரைண்டரும், பாக்கெட் ஒட்டுகிற மெஷினும் வாங்குவதற்கு. கணக்கு நோட்டு, உத்யம் பதிவுச் சான்றிதழ், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் பிளாஸ்டிக் கவரில் பக்காவாக இருந்தன. மானேஜர் புரட்டிப் பார்த்தார்.

"வீட்டுக்காரர் வரலையாம்மா?"

"அவர் திருப்பூர்ல வேலையா இருக்கார். வியாபாரம் என் பேர்லதான் ஸார்."

"சரி... உங்க பேர்ல சொத்து ஏதாவது இருக்கா? வீடு, மனை?"

"இல்ல ஸார்" என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பவே இல்லை. நான்தான் தலைக்கு மேலே ஓடிய ஃபேனைப் பார்த்தேன்.

காரணம் இருக்கிறது. வீடு ஒன்று இருந்தது, அப்பா கட்டியது. அவர் உயில் எதுவும் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். என் கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவும் அக்காவும் ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். "தம்பிக்குத்தானே!" என்று சிரித்துக்கொண்டேதான் போட்டாள் அக்கா. நானும் ஒரு பட்டுப்புடவை வாங்கிக் கொடுத்துவிட்டு, கர்ணன் ரேஞ்சுக்கு நிமிர்ந்து நடந்தேன்.

அப்பா சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்று 1956லேயே சட்டம் வந்துவிட்டது. பூர்வீகச் சொத்திலும் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989லும், நாடு முழுக்க 2005லும் சட்டம் வந்தது. சட்டம் கொடுத்ததைப் பத்திர எழுத்தர் இரண்டே பக்கத்தில் திருப்பி வாங்கிவிடுகிறார்!

பெண்கள் தொழில் நடத்துவதில் என்ன தடை என்று கேட்டால் நாம் உடனே பேங்க், அரசாங்கம், சமூகம் என்று கையை நீட்டுகிறோம். அன்றைக்கு அந்தத் தடை அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பேங்க் காபியைக் குடித்துக்கொண்டிருந்தது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. கிரண் மஜும்தார் ஷா ஆஸ்திரேலியாவில் பீர் தயாரிப்புப் படித்துவிட்டு வந்தார். பெண் என்பதால் இங்கே யாரும் வேலை தரவில்லை. 1978ல் பெங்களூரில் ஒரு வாடகை வீட்டுக் கார் ஷெட்டில், 10,000 ரூபாயில் பயோகானைத் தொடங்கினார். கடன் தர வங்கிகள் தயங்கின. ஒரு பெண்ணிடம் வேலை பார்க்க ஆள் கிடைப்பதே கஷ்டமாக இருந்தது. அவர் கதையே அப்படியென்றால் மாவு அரைக்கிற அக்கா எம்மாத்திரம்?

2013-14ல் எடுத்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பில், நாட்டிலிருந்த சுமார் 5.85 கோடி நிறுவனங்களில் பெண்கள் நடத்தியவை சுமார் 80 லட்சம்தான். நூற்றுக்குப் பதினாலு! அதிகம் இருந்தது நம் தமிழ்நாட்டில் என்று காலரைத் தூக்கிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பெண்களில் நூற்றுக்கு 79 பேர் சொந்தப் பணத்தில் நடத்தினார்கள். சொந்தப் பணம் என்றால் என்ன? வளையல், தோடு, சீட்டுப் பணம்!

பணம் கிடைத்தாலும் வசூல் ஆகவேண்டுமே! அக்காவிடம் மாவு வாங்கும் கடைக்காரர் ஒருவர் பாக்கி கேட்டால், "வீட்டுக்காரரை வரச் சொல்லும்மா, கணக்குப் பார்த்துத் தர்றேன்" என்பாராம். மாவு வாங்கும்போது மட்டும் வீட்டுக்காரர் தேவைப்படுவதில்லை.

அடுத்த வாரம் அக்கா மறுபடியும் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். கையில் ஒரு பிரிண்ட் அவுட். சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரை தரும் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010லேயே போட்ட உத்தரவு. எங்கேயோ தேடிப் பிடித்திருக்கிறாள்.

மானேஜர் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மறுபடி படித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஸார், நீங்கதானே ஓனர்..." என்று ஆரம்பித்தார்.

"நான் டிரைவர் ஸார். ஓனர் அவங்க!"

முதல் தடவையாக அவருடைய சுழல் நாற்காலி அக்கா பக்கம் சுழன்றது. விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்திருக்கிறார். கடன் இன்னும் வரவில்லை.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரிலேயே கேட்டேன்: "அக்கா, அந்தப் பத்திர விஷயம்... உன் பங்கை எழுதிக் குடுத்திடட்டுமா?"

பின் ஸீட்டில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"முதல்ல உன் பொண்டாட்டிகிட்ட பேசிட்டு வாடா. இப்ப அந்த உளுந்து மூட்டையை இறக்கு."

இறக்கிவிட்டேன். வீட்டில் இன்னும் பேசவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை பேசிவிடுவேன். எழுதி அச்சிலும் வந்துவிட்டதே, இனிமேல் தப்பிக்க முடியாது!