குளியலறை ஃபேன் இருந்தால் கேஸ் கீசரை உள்ளே மாட்டலாமா?



கார்த்திகை பிறந்துவிட்டால் மத்திகிரியில் ஃபஜ்ருக்கு ஒளு செய்யக் குழாயைத் திறக்கவே கை தயங்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். குளிர் அப்படித்தான் இருக்கும். வெந்நீருக்காகப் பல வீடுகளில் கேஸ் கீசர் வந்துவிட்டது. கரண்ட் பில் ஏறாது, திறந்த உடனே சூடான தண்ணீர். கூடவே, குளிர் உள்ளே வராமல் இருக்க வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்துவிடுகிறோம். "அதனால் என்ன, எக்ஸாஸ்ட் ஃபேன்தான் இருக்கிறதே" என்று சிலர் சொல்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காகத்தான்.

ஃபேன் காற்றை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். தள்ளிய அளவுக்கு வேறு வழியாகப் புதுக் காற்று உள்ளே வர வேண்டும். கதவு இறுக்கமாகச் சாத்தி, கீழே இடைவெளியும் இல்லாவிட்டால் ஃபேன் சத்தம் போடும்; நீராவி அப்படியே நிற்கும்.

கேஸ் கீசர் உள்ளே இருந்தால் இதுவே உயிர் பிரச்சினை. அடுப்பைப் போலவே கீசரும் அறையின் ஆக்ஸிஜனை எடுத்துத்தான் எரிகிறது. சிறிய அறையில் ஆக்ஸிஜன் குறையக் குறைய கேஸ் முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்ஸைடு உண்டாகிறது. சிலிண்டர் கசிந்தால் நாற்றம் வரும், ஏனென்றால் அந்த நாற்றத்தைக் கம்பெனியே சேர்த்து அனுப்புகிறது. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக அது ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். இந்த நிலையில் ஃபேனும் ஓடி, காற்று வர வழியும் இல்லாவிட்டால், கீசரின் புகைக்குழாய் வழியாகப் போக வேண்டிய புகையை ஃபேனே அறைக்குள் இழுத்துவிடலாம். பக்கத்திலுள்ள பெங்களூரில் பூட்டிய குளியலறையில் கேஸ் கீசரால் இறந்தவர்களைப் பற்றிப் பலமுறை செய்தி வந்திருக்கிறது. 'கேஸ் கீசர் சின்ட்ரோம்' என்று தனிப் பெயர் வைத்து மருத்துவ இதழ்களில் எழுதும் அளவுக்கு நம் நாட்டில் இது நடக்கிறது.

ஆகவே கேஸ் கீசர் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான திறந்த இடத்தில்தான் இருக்க வேண்டும். வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும். வென்டிலேட்டருக்கோ படுக்கையறை ஜன்னலுக்கோ அடியில் மாட்டினால் புகை திரும்ப உள்ளே வரும், அதுவும் வேண்டாம். லைன் வீட்டில் வெளியே இடமே இல்லை என்றால் கரண்ட் கீசர் அல்லது அடுப்பில் காய்ச்சிய தண்ணீர். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

குளித்துவிட்டு வரும்போதெல்லாம் தலைவலி, மயக்கம், வாந்தி வந்து, வெளியே வந்ததும் தெளிந்தால் அதைக் குளிர் என்று விட்டுவிடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் வயிற்றிலுள்ள குழந்தைக்கும் ஆபத்து இன்னும் அதிகம். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் கதவைத் திறந்து, உடனே ஆளை வெளிக்காற்றுக்குத் தூக்கி வாருங்கள், சிலிண்டரை அடையுங்கள், 108-ஐ அழையுங்கள். கை கால் வெட்டி இழுப்பதைப் பார்த்து வலிப்பு என்று முடிவு கட்டுவதும், காத்து கருப்பு என்று ஓதிப் பார்க்கக் கொண்டுபோவதும் நேரத்தை வீணாக்கும். துஆவை ஆம்புலன்ஸில் செய்துகொண்டே போகலாம். டாக்டரிடம் "கேஸ் கீசர் ஓடிக்கொண்டிருந்தது" என்று முதலில் சொல்லுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய விரல் கருவி இந்த விஷத்தைப் பிரித்துக் காட்டாது; 98 என்று காட்டினாலும் நம்ப வேண்டாம்.

இனி ஃபேன் வாங்குவது. அது தேவைதான்; நீராவி குளிர்ந்த சுவரில் படிந்து பூஞ்சை பிடிப்பதும், வீசிங் உள்ள பிள்ளைகளுக்கு இருமல் கூடுவதும் நமக்குத் தெரிந்ததே. 5 அடிக்கு 7 அடி, 9 அடி உயரமுள்ள அறையில் சுமார் 9 கன மீட்டர் காற்று இருக்கும். அது மணிக்கு 10 முறை மாறினால் போதும், அதாவது 90 கன மீட்டர். நல்ல 6 அங்குல ஃபேனே இதற்கு மேல் தள்ளும்; பெட்டியில் அளவு போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் 10 அங்குலம் என்றால் சமையலறைக்கு என்று சொல்லிவிடலாம். ஓடாதபோது தானாக மூடிக்கொள்ளும் தகடுள்ளதாக இருந்தால் குளிர்காற்றும் பூச்சியும் வராது, வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைக்கவும் வேண்டாம்.

மாட்டும் இடம் கதவுக்கு எதிர்ச்சுவர், கூரையை ஒட்டி, ஷவர் தண்ணீர் தெறிக்காத இடம். கதவின் அடியில் அரை முதல் முக்கால் அங்குலம் இடைவெளி விடுங்கள், பி.வி.சி. கதவானால் கீழ்ப்பகுதியில் காற்றுத் தகடு வைக்கலாம். காகிதத் துண்டை ஃபேன் அருகே பிடித்துப் பாருங்கள். கதவு திறந்திருக்கும்போது ஒட்டி, சாத்தியதும் விழுந்தால் இடைவெளி போதவில்லை. சந்து குறுகலாக இருந்தால் நம் ஃபேன் எதிர்வீட்டுச் சமையலறைக்குள் ஊதாமல் பாருங்கள். அண்டை வீட்டாருக்கும் உரிமை உண்டு. சுவிட்சு குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும், எர்த் ஒயர் கட்டாயம், 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் எலக்ட்ரீசியனிடம் அதையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். வாடகை வீடானால் சுவரை உடைக்கும் முன் வீட்டுக்காரரிடம் கேட்பது முறை. வென்டிலேட்டரின் கண்ணாடித் தகடுகளைக் கழற்றி அந்தச் சட்டத்திலேயே மாட்டினால் உடைக்கும் வேலையே இல்லை.

குளித்து முடித்த பிறகும் 15, 20 நிமிடம் ஓட விடுங்கள். 30 வாட் ஃபேன் தினம் ஒரு மணி நேரம் ஓடினாலும் மாதத்துக்கு ஒரு யூனிட்கூட ஆகாது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு இறக்கைகளைப் பிரஷ்ஷால் துடையுங்கள், மோட்டாரில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ரமலானுக்கு முன் வீடு கழுவும்போது இதையும் கழற்றிவிட்டால் ஞாபகம் வைத்துக்கொள்ள எளிது. உரசும் சத்தமோ கருகிய வாசனையோ வந்தால் ஓட்டாமல் நிறுத்திவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.