ஆர்.என்.ஏ. பிணைப்புப் புரதங்கள்: புற்றுநோயும் மூளைச் செயற்பாடும்

முன்னுரை

அபிராமபுரத்திலிருந்து தெற்கே சென்று அடையாற்றைக் கடந்தால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கப்பெற்ற புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. அதற்கும் தெற்கே வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் மருத்துவமனையில், நரம்பறுவை மருத்துவர் பா. இராமமூர்த்தி உருவாக்கிய நரம்பியல் மையம் உள்ளது. நோயாளிகள் இருவேறு வாயில்களை நாடிச் செல்லும் இவ்விரு துறைகளையும் உயிரணுவின் அளவில் ஒரே வகைப் புரதங்கள் இணைக்கின்றன. அவ்விணைப்பை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

படியும் பதிப்பும்

மரபணுவில் உள்ள செய்தி ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டுப் பின்னர்ப் புரதமாக மொழிபெயர்க்கப்படுகிறது. இவ்விரு சொற்களும் தமிழாய்வாளர்க்குத் தம் துறைச் சொற்களே. ஆனால் இரண்டுக்கும் இடையே நிகழும் பணி அத்துணை அறியப்பட்டதன்று. ஏட்டிலிருந்து எடுத்த படி அப்படியே அச்சேறுவதில்லை. பதிப்பாசிரியர் கைபட்ட பின்னரே நூலாகிறது. உயிரணுவில் அப்பதிப்புப் பணியைச் செய்வன ஆர்.என்.ஏ. பிணைப்புப் புரதங்கள். தூது ஆர்.என்.ஏ.வின் எப்பகுதியை வெட்டி எதனை இணைப்பது, எவ்வளவு காலம் அழியாது காப்பது, எங்கே அனுப்புவது, எப்போது மொழிபெயர்க்க விடுவது என்பவற்றை இவை முறைப்படுத்துகின்றன. மனிதரில் புரதம் உருவாக்கும் ஏறத்தாழ 20,000 மரபணுக்களுள் 1,500 அளவில் இவ்வகையைச் சார்ந்தவை. உவமை ஓரிடத்தில் பொருந்தாது. ஒரே புரதம் நூற்றுக்கணக்கான படிகளைக் கையாளக்கூடும்; ஆதலின் அது பிறழின் பல செய்திகள் ஒருங்கே பிறழும்.

நரம்பணுவுக்கு இப்பணி மிகவும் இன்றியமையாதது. முதுகுத்தண்டிலிருந்து பாதத்தை நோக்கிச் செல்லும் நரம்பிழை ஏறத்தாழ 1 மீட்டர் நீளமுடையது. உட்கருவில் உருவான செய்தி தொலைவிலுள்ள நரம்பிணைப்பை அடைந்து, வேண்டும்போது மட்டும் புரதமாதல் வேண்டும். இக்கட்டுப்பாட்டைச் செய்யும் எஃப்.எம்.ஆர்.பி. என்னும் புரதம் இல்லாதொழியும்போது, அறிவுத்திறன் குறைபாட்டுக்குக் காரணமான ஃபிரஜைல் எக்ஸ் நோய் தோன்றுகிறது.

ஹூ புரதங்கள்

புற்றுநோயும் மூளையும் சந்திக்கும் இடத்தை மிகத் தெளிவாகக் காட்டுவன இவையே. நுரையீரலின் சிற்றணுப் புற்றுநோயாளர் சிலருக்கு நினைவிழப்பு, உணர்ச்சி மரத்தல், நடைத் தள்ளாட்டம் ஆகியன ஏற்பட்டன. மூளைக்குப் புற்று பரவியிருக்கவில்லை. 1985-இல் கிராவுஸ், போஸ்னர் முதலியோர் இத்தகைய நோயாளரின் குருதியில் நரம்பணுக்களோடு பிணையும் எதிர்பொருளைக் கண்டறிந்தனர். நோயாளி ஒருவர் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு அது ‘ஹூ எதிர்பொருள்’ எனப்பட்டது. 1991-இல் அதன் இலக்கான ஹூ-டி புரதத்தின் மரபணு அறியப்பட்டது. அது பழ ஈயின் நரம்பு வளர்ச்சிக்கு வேண்டிய எலாவ் புரதத்தை ஒத்த ஆர்.என்.ஏ. பிணைப்புப் புரதம்.

ஹூ-டி இயல்பாக நரம்பணுக்களில் இருப்பது, தூது ஆர்.என்.ஏ. விரைந்து சிதையாமல் காப்பது. நுரையீரற் கட்டி அதனை முறைமாறி உருவாக்குகிறது. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் கட்டியைத் தாக்கப் புகுந்து, அதே புரதத்தைக் கொண்ட நரம்பணுக்களையும் அழிக்கிறது. அழிவைச் செய்வன பெரும்பாலும் டி உயிரணுக்கள். எதிர்பொருள் அடையாளமே எனக் கருதப்படுகிறது. நரம்பியல் அறிகுறிகள் பெரும்பாலும் புற்றுநோய் அறியப்படுவதற்கு முன்பே வெளிப்படுகின்றன. எனவே நினைவு தடுமாறி வந்தவரின் நுரையீரலையும் ஆராயாத மருத்துவம் கட்டியைத் தவறவிட நேரும். இக்குடும்பத்தின் மற்றொரு புரதமான ஹூ-ஆர் உடலெங்கும் உள்ளது. பல புற்றுநோய்களில் அது மிகுந்து, உட்கருவை விட்டு வெளியேறி, குருதிக்குழாய் வளர்ச்சியைத் தூண்டும் செய்திகள் அழியாது காக்கிறது.

பெயரும் இடமும்

எஃப்.யூ.எஸ். என்னும் புரதம் 1993-இல் கொழுப்புத் திசுப் புற்று ஒன்றில் அறியப்பட்டது. அங்கு 12, 16 ஆகிய குரோமோசோம்களின் துண்டுகள் இடம்மாறி, இதன் முற்பகுதி வேறொரு புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது, ஆர்.என்.ஏ.வைப் பற்றும் பகுதி இழக்கப்படுகிறது. ‘சார்கோமாவில் இணைந்தது’ எனப் பொருள்படும் பெயரின் சுருக்கமே எஃப்.யூ.எஸ். பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 2009-இல், இதே மரபணுவின் பிறழ்வு பரம்பரை இயக்க நரம்பணு நோயில் அறியப்பட்டது. அங்கு ஒட்டு இல்லை. உட்கருவில் இருக்க வேண்டிய புரதம் வெளியே தேங்கித் திரள்கிறது. பெயர் முதலில் கண்ட இடத்தைச் சொல்கிறதேயன்றித் தொழிலைச் சொல்லவில்லை. தமிழில் ‘ஆர்.என்.ஏ. பிணைப்புப் புரதம்’ என்னும் வகைப்பெயரை உடன் வழங்குவதற்கு இதுவே தக்க காரணமாகும்.

இயக்க நரம்பணு நோய்களுள் ஒன்றுக்குச் சென்னையே பெயர் தந்துள்ளது. 1970-இல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், இராமமூர்த்தி ஆகியோர் இளவயதினரிடம் கண்டு விவரித்த நோய் அது. கைகால் மெலிவோடு முகத்தசைத் தளர்வும் செவித்திறன் இழப்பும் சேர்ந்து வரும், போக்கோ மெதுவானது. பெரும்பாலான நோயாளரின் குடும்பத்தில் வேறெவர்க்கும் அந்நோய் இருப்பதில்லை. ஆதலின் எஃப்.யூ.எஸ். பற்றிய விளக்கத்தை அதன்மேல் ஏற்றிச் சொல்லுதல் பொருந்தாது. அதன் காரணம் தனியே ஆராயப்படவேண்டியது. 1996-இல் நகரின் பெயர் சென்னை என மாறியபின்னும் மருத்துவ நூல்களில் அது மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய் என்றே வழங்கிவருகிறது.